டி.வி. திரையில் வண்ணக் கறையா? பிக்சர் டியூபை மாற்றும் முன் காந்தத்தைத் தேடுங்கள்!



சரக்கு, வரி, எடை, தராசு என்று எழுதி வரும் நமது சங்க இதழில் டி.வி. பெட்டியைப் பற்றி எழுதுகிறோமே என்று சிலர் நினைக்கலாம். கடையில் இருக்கும் ஒவ்வொரு பொருளும் முதல்தான். அது பழுதாகும்போது செலவு வருகிறது. சில சமயம் செலவோடு பழியும் வருகிறது. அந்தப் பழி யார் தலையில் விழுகிறது என்பதையும் வியாபாரி பார்க்க வேண்டும். ஆகவே நம் கடையில் நடந்த ஒன்றைச் சொல்லி, அதன்பின் விஷயத்துக்கு வருகிறோம்.

இன்றைக்குப் புதிதாக விற்பவை எல்லாம் தட்டைத் திரை டி.வி.க்கள். ஆனாலும் பின்பக்கம் பெருத்த பழைய பிக்சர் டியூப் பெட்டிகள் முற்றிலும் ஒழிந்து விடவில்லை. 2006 முதல் தமிழக அரசு வழங்கிய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளில் பல இன்னும் கிராமத்து வீடுகளில் ஓடுகின்றன. சில கிட்டங்கிகளில் கண்காணிப்புக் கேமராவுக்குப் பழைய மானிட்டரே போதும் என்று வைத்திருக்கிறார்கள். பழைய பொருள் வாங்கி விற்கும் உறுப்பினர்களிடமும் இவை வருகின்றன. பழைய வீடியோ கேம் விளையாடும் இளைஞர்கள் இவற்றைத் தேடி வாங்குகிறார்கள். எனவே இந்தச் செய்தி இன்னும் பலருக்குப் பயன்படும்.

நம் கடையில் நடந்தது

நாம் விருதுநகரில் பருப்பு, வத்தல் மொத்த வியாபாரம் செய்பவர்கள். பருப்பு மூட்டையில் சில சமயம் உடைந்த கோணி ஊசித் துண்டு, ஆணி, இரும்புத் தூள் வந்துவிடும். மில்களில் இதற்கென்று பெரிய காந்தம் வைத்திருப்பார்கள். நம் கடையில் சாம்பிள் பார்ப்பதற்காக, பழைய ஒலிபெருக்கியில் இருந்து கழற்றிய வட்டக் காந்தம் ஒன்றைக் கயிற்றில் கட்டி வைத்திருந்தோம். குத்தூசியால் எடுத்த பருப்பைத் தட்டில் பரப்பி, அதன்மேல் காந்தத்தை ஓட்டினால் இரும்பு இருந்தால் ஒட்டிக்கொள்ளும். வேலை முடிந்ததும் அதைச் சுவரில் ஓர் ஆணியில் மாட்டி விடுவோம்.

1998ஆம் ஆண்டு சித்திரைப் பிறப்புக்காகக் கடைக்கு வெள்ளையடித்தோம். அப்போது அந்த ஆணியைப் பிடுங்கி விட்டார்கள். மறுபடி அடிக்க யாருக்கும் நேரமில்லை. இரவு கடை கட்டும்போது காந்தத்தை நாமே கைக்கு எட்டிய இடத்தில், அதாவது 20 அங்குல டி.வி. பெட்டியின் மேல் வைத்துவிட்டுப் போவோம். காலையில் கடைப்பையன் கடை திறந்து, ஊதுபத்தி ஏற்றி, டி.வி.யைப் போடுவான். மணி ஒன்பதானால் சரக்கு பார்க்கும் வேலை தொடங்கும். அப்போது காந்தத்தை எடுத்துக்கொள்வோம்.

அந்த மாதம் ஷார்ஜாவில் கிரிக்கெட். ஏப்ரல் 22ஆம் தேதியும் 24ஆம் தேதியும் டெண்டுல்கர் அடுத்தடுத்துச் சதம் அடித்த ஆட்டங்கள் அவை. பஜாரே டி.வி. முன்னால் நின்றது. நம் கடைத் திரையில் மட்டும் மேல்பக்கம் வலது மூலையில் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சையும் ஊதாவுமாக ஒரு திட்டு. ஆட்டக்காரர் அந்தப் பக்கம் ஓடினால் அவருடைய சட்டையின் நிறமே மாறிவிடும். பையன் பெட்டியின் பொத்தான்களை அழுத்திக்கொண்டு நின்றதை நாம் பார்த்தோம். உடனே முடிவுக்கு வந்துவிட்டோம்.

“அண்ணாச்சி, நான் ஒண்ணும் செய்யல. கறை முன்னாடியே இருந்துச்சு. சரி பண்ணத்தான் பாத்தேன்” என்றான். நாம் கேட்கவில்லை.

ஒரு மெக்கானிக் வந்தார். பெட்டியை அணைத்து உடனே போட்டுப் பார்த்தார். கறை போகவில்லை. “டியூப் போச்சு, நாலாயிரம் ஆகும்” என்றார். நாலாயிரம் செலவழிக்க மனமில்லாமல் பெட்டியை அப்படியே விட்டோம். ஆனால் பையன் சம்பளத்தில் மாதம் 200 ரூபாய் பிடித்தோம். இரண்டு மாதம் பிடித்தோம். அவன் வாய் திறக்கவில்லை.

ஆனி மாதம் வீட்டுக்குப் பருப்பு வாங்க ஒரு வயதான ரேடியோ மெக்கானிக் வந்தார். திரையைப் பார்த்தார். பெட்டியைத் தொடக்கூட இல்லை. “அண்ணாச்சி, இது மேல என்ன வைப்பீங்க?” என்று கேட்டார். பருப்புத் தட்டில் கிடந்த காந்தத்தைக் காட்டினோம். சிரித்துவிட்டார். மாலையில் ஒரு கம்பி வளையத்தைக் கொண்டுவந்து திரை முன்னால் ஒரு நிமிடம் சுற்றினார். கறை போய்விட்டது. 50 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

டியூபில் என்ன நடக்கிறது?

அந்தப் பெரியவர் அன்று சொன்னதையும், பிறகு நாம் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதையும் இங்கே விளக்குகிறோம்.

வண்ண டி.வி.யின் பிக்சர் டியூப் காற்று நீக்கிய பெரிய கண்ணாடிக் குடுவை. அதன் கழுத்துப் பகுதியில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களுக்கும் மூன்று எலெக்ட்ரான் துப்பாக்கிகள் உண்டு. எலெக்ட்ரானுக்கு நிறம் கிடையாது. நிறம் இருப்பது திரையின் உட்புறத்தில் பூசியிருக்கும் பொடியில். மூன்று வகைப் பொடிகள் சின்னச் சின்னப் புள்ளிகளாக அல்லது கோடுகளாகப் பூசப்பட்டிருக்கும். எலெக்ட்ரான் எதன்மேல் விழுகிறதோ அந்த நிறம் ஒளிரும்.

சிவப்புத் துப்பாக்கியின் கதிர் சிவப்புப் புள்ளியில் மட்டும் விழ வேண்டும். அதற்காகத் திரைக்குச் சற்று உள்ளே மெல்லிய இரும்புத் தகடு ஒன்றை வைத்திருக்கிறார்கள். அதில் லட்சக்கணக்கான நுண்ணிய துளைகள் இருக்கும். நம் தொழில் பாஷையில் சொன்னால் அது ஒரு சல்லடை. மூன்று கதிர்களும் ஒரே துளைக்குள் வெவ்வேறு சாய்வில் நுழைகின்றன. சாய்வு வேறாக இருப்பதால் துளையைத் தாண்டியதும் பிரிந்து, தத்தம் புள்ளியில் விழுகின்றன. அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் 1950இல் செய்து காட்டிய முறை இது. 1982ஆம் ஆண்டு டில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி நம் நாட்டுக்கு வண்ண ஒளிபரப்பு வந்தபோது இங்கு விற்ற பெட்டிகளும் இந்த அடிப்படையில் வேலை செய்தவையே.

காந்தம் எலெக்ட்ரான் கதிரை வளைக்கும். திரை முழுவதும் படம் வரைவதற்கே டியூபின் கழுத்தில் காந்தக் காயில் வைத்துக் கதிரை வளைக்கிறார்கள். வெளியிலிருந்து இன்னொரு காந்தம் வந்தால் கதிர் சற்று விலகும். மயிரிழை விலகினாலும் போதும். சிவப்புக்குப் போக வேண்டியது பச்சையில் விழும். அதுதான் நாம் காணும் கறை.

இதில் இரண்டு நிலை உண்டு.

முதல் நிலை: காந்தம் பக்கத்தில் இருக்கும்வரை கறை இருக்கும். எடுத்தால் போய்விடும்.

இரண்டாம் நிலை: அந்தச் சல்லடைத் தகடும் அதைத் தாங்கும் சட்டமும் இரும்பு என்பதால் அவையே காந்தமாகிவிடும். ஊசியைக் காந்தத்தில் தேய்த்தால் ஊசி காந்தமாவது போல. அதன்பின் வெளிக் காந்தத்தை எடுத்தாலும் கறை போகாது. பெட்டி ஒன்றும் கெட்டுவிடவில்லை. தகட்டில் ஏறிய காந்தத்தை இறக்கினால் போதும்.

பழைய கறுப்பு வெள்ளை டி.வி.யில் இந்தச் சல்லடை கிடையாது. காந்தம் வைத்தால் படம் கோணும், எடுத்தால் நேராகிவிடும். இன்றைய தட்டைத் திரைகளில் எலெக்ட்ரான் கதிரே கிடையாது. ஆகவே அவற்றில் கறை வந்தால் காந்தத்தின்மேல் பழி போட வேண்டாம். அது வேறு பழுது.

காந்தத்தை இறக்குவது எப்படி?

ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். வேகமாக ஆட்டிவிட்டுத் தானாக ஓய விட்டால் வீச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நடுவில் வந்து நிற்கும். பாதியில் பிடித்து நிறுத்தினால் ஒரு பக்கமாகவே நிற்கும்.

தகட்டின் காந்தத்தையும் இப்படித்தான் ஓய விட வேண்டும். வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 முறை முழுச் சுற்றாகத் திசை மாறுவது. அதைக் கம்பிச் சுருளில் பாய்ச்சினால் அப்படியே திசை மாறி மாறி வரும் காந்தம் கிடைக்கும். அதைத் தகட்டின் அருகே பலமாகக் கொடுத்து, பிறகு மெதுவாகக் குறைத்தால் தகட்டில் இருந்த பழைய காந்தம் கலைந்து சமநிலைக்கு வந்துவிடும். மெக்கானிக்குகள் இதை டீகாஸ் செய்வது என்பார்கள். காந்தவியலில் பெயர் பெற்ற ஜெர்மன் கணித மேதை காஸ் (1777–1855) பெயரிலிருந்து வந்த சொல் இது. இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில், 1939இல், கப்பலின் இரும்புக் காந்தத்தை உணர்ந்து வெடிக்கும் கண்ணிகளை ஜெர்மானியர் கடலில் போட்டார்கள். பிரிட்டிஷார் கப்பலைச் சுற்றி மின்கம்பி வடம் கட்டி அந்தக் காந்தத்தைச் சமன் செய்தார்கள். அந்த வேலைக்கு வைத்த பெயர்தான் பிறகு டி.வி. கடைவரை வந்தது.

முதலில் நோயைத் தெரிந்துகொள்ளுங்கள்

கறை எல்லாமே காந்தக் கறை அல்ல. கீழ்க்கண்டவாறு பார்க்கலாம்.

1. வெள்ளை அல்லது ஒரே நிறமான படம் வரும்போது பாருங்கள். ஒரு மூலையிலோ ஓரத்திலோ மட்டும் நிறம் மாறித் திட்டாகத் தெரிந்தால் காந்தமாக இருக்கலாம். திரை முழுவதும் ஒரே மாதிரி மஞ்சளாகவோ நீலமாகவோ இருந்தால் பெரும்பாலும் துப்பாக்கியோ, அதை இயக்கும் சர்க்யூட்டோ பழுது.

2. படம் மாறினாலும், சேனல் மாற்றினாலும் திட்டு அதே இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். காந்தக் கறை இடம் மாறாது. படத்தோடு சேர்ந்து நகர்ந்தால் அது ஒளிபரப்பிலோ, கேபிளிலோ உள்ள குறை.

3. ரிமோட்டில் கலர் அளவை முழுவதும் குறைத்துப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். அப்போதும் திட்டில் நிறம் தெரிந்தால் காந்தச் சந்தேகம் வலுக்கிறது.

4. பெட்டியைச் சுற்றி ஒரு கை நீளத்துக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஸ்பீக்கர், காந்தப் பொம்மை, மோட்டார், இரும்பு பீரோ, மேலே வைத்த சாமான் எல்லாவற்றையும் கவனியுங்கள்.

செலவில்லாத வைத்தியம்

வண்ண டி.வி. பெட்டிக்குள்ளேயே டியூபைச் சுற்றி ஒரு காயில் கட்டியிருப்பார்கள். மெயின் சுவிட்சைப் போட்டதும் ‘ம்ம்ங்’ என்று ஒரு சத்தம் வருமே, அது இந்தக் காயில் வேலை செய்யும் சத்தம்தான். அதோடு போசிஸ்டர் என்ற சிறு பாகம் சேர்ந்திருக்கும். அது குளிர்ந்திருக்கும்போது மின்சாரத்தைத் தாராளமாக விடும். ஓரிரு வினாடியில் தானே சூடேறி மின்சாரத்தைக் குறைத்துவிடும். ஊஞ்சல் தானாக ஓய்வது போன்ற ஏற்பாடு.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். பெட்டியை அணைத்து உடனே போட்டால் போசிஸ்டர் இன்னும் சூடாகவே இருக்கும். காயிலுக்குப் போதிய மின்சாரம் போகாது. நம் கடைக்கு முதலில் வந்த மெக்கானிக் செய்தது இதுதான். ரிமோட்டில் மட்டும் அணைப்பதும் பல பெட்டிகளில் பயன் தராது. மெயின் சுவிட்ச் போட்டபடி இருந்தால் போசிஸ்டர் சூடாகவே நிற்கும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள்:

1. சுற்றியுள்ள காந்தப் பொருள்களையும் ஸ்பீக்கர்களையும் தூர எடுத்து வையுங்கள். இதைச் செய்யாமல் மற்றது எதுவும் பலிக்காது.

2. மெயின் சுவிட்சை அணைத்து அரை மணி நேரம் ஆற விடுங்கள்.

3. மெயின் சுவிட்சைப் போடுங்கள். ‘ம்ம்ங்’ சத்தம் வருகிறதா என்று கேளுங்கள்.

4. கறை குறைந்து, முழுவதும் போகாவிட்டால், அரை மணிக்கு ஒரு முறை என்று நான்கைந்து தடவை செய்யுங்கள். லேசான கறை இதிலேயே போய்விடும்.

கம்ப்யூட்டர் மானிட்டராக இருந்தால் பலவற்றில் முன்பக்கப் பொத்தானை அழுத்தி வரும் பட்டியலிலேயே ‘டீகாஸ்’ என்று ஒன்று இருக்கும். குதிரை லாடம் போன்ற காந்தப் படம் போட்டிருப்பதும் உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தால் திரை ஒரு முறை குலுங்கி அடங்கும். அதையும் உடனுக்குடன் அழுத்தக் கூடாது. ஆற விட்டுத்தான் அழுத்த வேண்டும்.

இப்போது நம் கடையில் நடந்ததைத் திரும்பப் பாருங்கள். தினமும் காலையில் பெட்டியைப் போடும்போது உள்காயில் சரியாகவே வேலை செய்தது. ஆனால் அந்த நேரத்தில் காந்தம் பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தது. ஓய்கிற ஊஞ்சலை ஒரு பக்கமாக யாரோ இழுத்துப் பிடித்திருப்பது போல. தகடு அந்தக் காந்தத்துக்கு ஏற்றபடியே படிந்து நின்றுவிட்டது. கறையைத் துடைக்க வேண்டிய ஏற்பாடே தினமும் கறையை ஊன்றி வைத்தது. ஒன்பது மணிக்குக் காந்தத்தை எடுத்த பிறகு வந்து பார்ப்பவருக்குக் காரணம் கண்ணில் படவில்லை.

வெளிக் காயில் வைத்தியம்

உள்காயிலால் போகாத கறைக்கு மெக்கானிக்கிடம் இருக்கும் கை வளையம் தேவை. செம்புக் கம்பியைப் பல நூறு சுற்றுச் சுற்றி, மேலே காப்பு உறை போட்ட வளையம் அது. இதைப் பழகிய மெக்கானிக் செய்வதே நல்லது. அவர் சரியாகச் செய்கிறாரா என்று பார்க்க உறுப்பினர்கள் முறையைத் தெரிந்து வைத்திருக்கலாம்.

1. பெட்டி ஓடிக்கொண்டிருக்கட்டும். கைக்கடிகாரம், பழைய கேசட், கம்ப்யூட்டர் டிஸ்க், காந்தப் பட்டை உள்ள அட்டை ஆகியவற்றை விலக்கி வைக்க வேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது.

2. திரையிலிருந்து ஆறு ஏழு அடி தள்ளி நின்று வளையத்துக்கு மின்சாரம் கொடுக்க வேண்டும்.

3. வளையத்தைத் திரைக்கு நேராகத் தட்டையாகப் பிடித்து மெதுவாக அருகில் வர வேண்டும். திரையில் நிறங்கள் சுழன்று கலங்கும். பயப்பட வேண்டாம்.

4. நடுவில் தொடங்கி, வட்டமாகச் சுற்றிக்கொண்டே ஓரம்வரை போக வேண்டும். கறை உள்ள இடத்தில் சற்றுக் கூடுதலாகச் சுற்றலாம். அரை நிமிடம் போதும்.

5. சுற்றுவதை நிறுத்தாமலே மெதுவாகப் பின்வாங்கி ஆறு ஏழு அடி தூரம் வர வேண்டும். அங்கே வளையத்தைப் பக்கவாட்டில் திருப்பி, அதன்பின் சுவிட்சை அணைக்க வேண்டும்.

ஐந்தாவது படிதான் முக்கியம். திரைக்கு அருகிலேயே அணைத்துவிட்டால் ஊஞ்சலைப் பாதியில் பிடித்த கதையாகி, முன்னிலும் பெரிய கறை விழும். அப்படி நடந்தால் பதறாமல் மறுபடி முதலிலிருந்து செய்யலாம். வளையம் சீக்கிரம் சூடாகும். ஒரு நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டாமல் இடையில் ஆற விட வேண்டும்.

செய்யக் கூடாதவை

இன்னொரு காந்தத்தைத் திருப்பிப் பிடித்தால் கறை போகும் என்று சிலர் சொல்வார்கள். கறை இடம் மாறுமே தவிரப் போகாது. இப்போது கிடைக்கும் பலமான சிறு காந்தங்களைத் திரையில் வைத்தால் சல்லடைத் தகடே இழுபட்டு வளைந்துவிடலாம். வளைந்தால் எந்தக் காயிலாலும் நிமிர்த்த முடியாது.

பின்மூடியைக் கழற்ற வேண்டாம். வண்ண டியூபில் இருபதாயிரம் வோல்ட்டுக்கும் மேல் மின்னழுத்தம் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூபில் மின்சாரம் தங்கியிருக்கும். தெரியாதவர் தொட்டால் உயிருக்கே ஆபத்து. டியூபின் கழுத்தைத் தட்டினாலும் கண்ணாடி உடைந்து சிதறும்.

காயிலுக்கும் மசியாத கறை

மேலே சொன்ன எல்லாம் செய்தும் கறை நின்றால் வேறு காரணம் உண்டு. சுவிட்ச் போடும்போது சத்தமே வராவிட்டால் போசிஸ்டர் போயிருக்கலாம். அது விலை குறைந்த பாகம், மெக்கானிக் மாற்றித் தருவார். பெட்டி கீழே விழுந்திருந்தால் சல்லடைத் தகடு இடம் பெயர்ந்திருக்கலாம். டியூபின் கழுத்தில் உள்ள வளையக் காந்தங்கள் நகர்ந்திருந்தாலும் நிறம் மாறும். அதை அனுபவமுள்ள மெக்கானிக் திருப்பிச் சரி செய்வார். இவையும் பலிக்கவில்லை என்றால்தான் டியூபைப் பற்றிப் பேச வேண்டும்.

பூமியே ஒரு காந்தம். கிழக்குப் பார்த்திருந்த பெட்டியை வடக்குப் பார்க்கத் திருப்பி வைத்தால்கூட லேசான நிற மாற்றம் வரலாம். பெட்டியை இடம் மாற்றினால் அணைத்து அரை மணி கழித்துப் போடுங்கள். அதுவே சரியாகிவிடும்.

கடைக்காரர்கள் கவனிக்க

ஸ்பீக்கரை டியூப் டி.வி.க்கு இரண்டு மூன்று அடி தள்ளி வையுங்கள். பெட்டிக்குள்ளேயே இருக்கும் ஸ்பீக்கரின் காந்தத்துக்கு மறைப்புக் கொடுத்திருப்பார்கள்; வெளியில் வாங்கி வைக்கும் ஸ்பீக்கருக்கு அது பெரும்பாலும் இருக்காது. ஸ்டெபிலைசரைப் பெட்டியோடு ஒட்டி வைத்தால் படம் நடுங்கும். இரும்பு பீரோ, இரும்பு அலமாரிக்குள் பெட்டியைச் செருக வேண்டாம். காந்தம் உள்ள பொம்மை, பை, பர்ஸ் விற்பவர்கள் அவற்றை டி.வி. அருகே அடுக்க வேண்டாம்.

பழைய பெட்டி வாங்கி விற்கும் உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை. கறை இருக்கிறது என்று அடிமாட்டு விலைக்கு வாங்கி, வளையத்தைச் சுற்றிவிட்டு முழு விலைக்கு விற்பது சாமர்த்தியமாகத் தோன்றலாம். கொண்டு வருபவர் பெரும்பாலும் இல்லாதவர். “இது காந்தக் கறைதான், சரியாகும்” என்று சொல்லிச் சிறு கூலி வாங்கினால், அடுத்த முறை மிக்ஸி வாங்கவும் அவர் உங்கள் கடைக்குத்தான் வருவார்.

உண்மையிலேயே தீர்ந்துபோன பெட்டியை உடைத்துச் செம்பை எடுத்துவிட்டுக் கண்ணாடியைக் குப்பையில் கொட்ட வேண்டாம். அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேரும்படி ஒப்படைப்பதே முறை.

முடிவாக

அன்று மாலை கறை போனதும் பையனைக் கூப்பிட்டு, பிடித்த 400 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தோம். “தப்பு எங்க மேலதான்ப்பா” என்றோம். அவன் பணத்தை எண்ணிப் பார்க்கவில்லை. “நான்தான் அன்னைக்கே சொன்னேனே அண்ணாச்சி” என்று மட்டும் சொன்னான். இரண்டு ஆண்டு கழித்துத் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். டி.வி. பெட்டி அதன்பின்னும் பல வருஷம் ஓடியது. அந்தப் பேச்சு இன்னும் நம் காதில் நிற்கிறது.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நாலாயிரம் ரூபாய் டியூபுக்கும் சரி, நம்மை நம்பி வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் சரி, அது பொருந்தும். திரையில் கறை தெரிந்தால் முதலில் பெட்டியின் மேல் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அதை வைத்தவர் யார் என்று கேட்கும்போது நம்மையும் சேர்த்துக் கேட்டுக்கொள்வோம்.